ஒலி கேட்ட இராமன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

சர் சி. வி. இராமன் என்றதும் நம் நினைவுக்கு வருவன கடலின் நீலமும், ஒளிச்சிதறலும், நோபெல் பரிசுமே ஆகும். ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் நாள் அவருடைய படத்துக்கு மாலையிட்டு, அந்த மூன்றைப் பற்றியும் பேசி, தேநீர் அருந்திக் கலைகிறோம். ஆனால் ஒளியைத் தொடுவதற்கு முன்னும், தொட்ட பின்னும் அம்மேதை காது கொடுத்துக் கேட்டது ஒலியை. நரம்பையும் தோலையும் மரத்தையும் வைத்துக்கொண்டு அவர் கழித்த ஆண்டுகள் பல. அந்த இராமனைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அதற்கொரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சூளகிரி. அப்பா கொத்தமல்லிக் கட்டுகளைச் சந்தையில் ஏற்றி இறக்கும் வேலை செய்பவர்; திருவிழாவிலும் சாவிலும் தப்பட்டை அடிப்பவர். நூல்களில் பறை என்று எழுதுவார்கள். எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் அதைத் தமட்டெ என்பார்கள். என் அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தொழிற்சாலை வேலைக்குச் சென்றவர். அவர் அனுப்பும் பணத்தில்தான் நான் கல்லூரிக்கு வருகிறேன். சென்ற ஆண்டு மாரியம்மன் திருவிழாவுக்கு அக்காவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. விடுதியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, அப்பா அடிப்பதையாவது கேட்கிறேன் என்றார். நான் கைப்பேசியைத் தப்பட்டையின் அருகில் கொண்டுபோய்ப் பிடித்தேன். மூன்று தெருவுக்குக் கேட்கும் அந்த அடி அக்காவின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. கூட்டத்தார் பேசுவது கேட்கிறது, நான் மூச்சு விடுவது கூடக் கேட்கிறது, அடி விழும்போது மட்டும் வாயைப் பொத்தியது போல் அடங்கிவிடுகிறது என்றார்.

அக்காவுக்கு 2019-இல் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்தது. அதிலாவது பதிவு செய்து அனுப்பலாம் என்று முயன்றேன். அதிலும் அதே கதைதான். முதல் அடி விழுந்தது. இரண்டாவது அடி தேய்ந்தது. மூன்றாவது அடி இல்லவே இல்லை. கருவி பழுது என்று எண்ணி எங்கள் துறைப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். பழுதொன்றுமில்லை, கணிப்பொறி உங்கள் அப்பாவின் வாத்தியத்தை இரைச்சல் என்று முடிவு செய்திருக்கிறது என்றார். உரையாடலுக்காக அமைக்கப்பட்ட ஒலிச்செயலி மனிதக் குரலை வைத்துக்கொண்டு மற்றதை வடிகட்டிவிடுமாம். அந்த வடிகட்டியை எப்படி நிறுத்துவது என்று காட்டிக்கொடுத்த பிறகு, ஒரு கட்டுரையின் படியையும் என் கையில் கொடுத்தார். இந்தியத் தோற்கருவிகளைப் பற்றி 1934-இல் இராமன் எழுதியது அது. இசை எது, இரைச்சல் எது என்பதை ஒரு விஞ்ஞானி எப்படித் தீர்மானித்தார் என்று படித்துப் பார் என்றார். கட்டுரையைப் படித்தேன். பிறகு அதை எழுதியவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாய் பார்வதி அம்மாள். தந்தையார் ஆசிரியர், பின்பு விசாகப்பட்டினம் சென்று அங்குள்ள கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். வயலினும் வாசிப்பார். இதைப் படித்தபோது எனக்குச் சிறிது சோர்வு ஏற்பட்டதை மறைக்க விரும்பவில்லை. வறுமையில் வாடித் தெருவிளக்கில் படித்து உயர்ந்த மேதைகளின் கதையைத்தான் நமக்கு அடிக்கடி சொல்கிறார்கள். இராமன் அப்படிப்பட்டவர் அல்லர். அவர் வீட்டில் நூல்கள் இருந்தன. எங்கள் வீட்டில் எழுத்து என்று இருந்தது குடும்ப அட்டையும் நாட்காட்டியும்தான். ஆயினும் அந்த வீட்டு நூல்களில் ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஒலியையும் செவியுணர்வையும் பற்றி எழுதிய பெருநூல் அது. இளமையில் தம்மை உருவாக்கிய நூல்களுள் அதையும் ஒன்றாக இராமன் பிற்காலத்தில் மதித்தார்.

பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறிய இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ. பட்டமும், 1907-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். எம்.ஏ. மாணவராக இருந்தபோதே, 1906-இல், ஒளியின் விளிம்பு விளைவு பற்றிய அவருடைய முதற் கட்டுரை இங்கிலாந்தின் பிலாசபிகல் மேகசின் இதழில் வெளிவந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல எண்ணியபோது, அந்நாட்டுக் குளிரை இந்த மெலிந்த உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். இந்தியாவில் விஞ்ஞானத்தைத் தொழிலாகக் கொள்ள அன்று வழியில்லை. எனவே நிதித்துறைத் தேர்வு எழுதித் தேறி, அதே 1907-இல் கல்கத்தாவில் உதவிக் கணக்காயர் பதவியில் அமர்ந்தார். பதவி ஏற்குமுன் உலோகசுந்தரி அம்மையாரை மணந்துகொண்டார். அம்மையார் வீணை வாசிப்பவர். தந்தையின் வயலின், மனைவியின் வீணை என்று இரண்டு நரம்புக் கருவிகள் அவர் வீட்டிலேயே இருந்தன. பிற்காலத்தில் இரண்டையுமே அவர் ஆராய்ந்தார்.

கல்கத்தாவில் அலுவலகம் செல்லும் வழியில், பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகை அது. கட்டடம் இருந்தது, சில கருவிகள் இருந்தன. ஆராய்ச்சி செய்ய ஆள்தான் இல்லை. இராமன் உள்ளே நுழைந்து அனுமதி கேட்டார், கிடைத்தது. விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பின்பு வீடு வந்து அவசர அவசரமாய் ஒரு கவளம், அதன்பின் கணக்கு அலுவலகம், மாலை ஐந்து மணிக்கு மேல் மீண்டும் ஆய்வுக்கூடம், இரவு ஒன்பதரை பத்துக்கு வீடு. இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டுத் திரும்பிய காலம் நீங்கலாகப் பத்தாண்டுகள் இப்படியே ஓடின. உதவிக்கு ஆசுதோஷ் தே என்பவர் இருந்தார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத அவரை இராமன் தம் ஆய்வுகளில் கூட்டாளியாகவே நடத்தினார்.

வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ந்த அந்த ஆண்டுகளில் இராமன் அதிகமாய் நாடியது ஒலியைத்தான். ஏன் என்று நான் யோசித்ததுண்டு. ஒலிக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு கம்பி, ஓர் இசைக்கவை, ஒரு விளக்கு, ஒரு புகைப்படத் தகடு இருந்தால் தொடங்கிவிடலாம். 1909-ஆம் ஆண்டிலேயே ஏக்தாராவைப் பற்றி அவர் எழுதினார். ஒற்றை நரம்பை மீட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடித் திரிபவர்கள் கையிலிருக்கும் கருவி அது. ஒரு கணக்கு அதிகாரி, பிச்சைப் பாட்டுக்காரரின் கருவியை இயற்பியலுக்குள் கொண்டுவந்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இசைக்கருவியின் ஒலியை ஆராய்வது என்றால் என்ன என்பதைக் கலைப்பிரிவு நண்பர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். ஒரு நரம்பை மீட்டினால் ஒரே ஒரு சுரம் மட்டும் எழுவதில்லை. அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரங்களும் சேர்ந்தே எழுகின்றன. அவை எந்தெந்த அளவில் கலந்துள்ளன என்பதே வீணைக்கும் வயலினுக்கும் உள்ள குரல் வேறுபாடு. எத்துணைச் சிக்கலான சீரான அதிர்வையும் இப்படி எளிய அதிர்வுகளாகப் பிரித்துவிடலாம் என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே காட்டினார். அதைக் காதால் செய்வதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் பித்தளை உருண்டைகளைப் பயன்படுத்தினார். ஒவ்வோர் உருண்டையும் ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் ஒத்ததிரும். அதைக் காதில் வைத்துக் கேட்டால், கலவையில் அந்தச் சுரம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். உருண்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

இன்று இதே வேலையை என் மடிக்கணினியின் ஒலிச்சில்லும் செயலியும் செய்கின்றன. ஒலிவாங்கி காற்றழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றுகிறது. சில்லு அந்த மின்னழுத்தத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒரு படியாக எண்ணில் எழுதிவைக்கிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும். அதை இழக்காமல் பிடிக்க வேண்டுமானால் அதன் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. பேச்சுக்கு அவ்வளவு தேவையில்லை. தொலைபேசிக்கு நொடிக்கு 8,000 அளவு போதும் என்று தொடக்கத்தில் வகுத்தார்கள். பின்பு இந்த எண்களை ஃபூரியே சொன்னபடி பிரிக்க வேண்டும். 1,024 எண்களை நேர்வழியில் பிரிக்கப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள் ஆகும். 1965-இல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்ட குறுக்கு வழியில் சில ஆயிரங்களே போதும். பெருக்குவதையும் கூட்டுவதையும் மட்டும் மின்னல் வேகத்தில் செய்வதற்கென்றே தனிச் செயலிகளை உருவாக்கினார்கள். 1988-இல் வந்த நெக்ஸ்ட் கணிப்பொறியிலும், 1992-இல் வீட்டு உபயோகத்துக்கென்று வந்த அட்டாரி ஃபால்கனிலும் மோட்டரோலா 56001 என்னும் அத்தகைய செயலி இருந்தது. பாட்டைப் பதிவு செய்யவும், தொலைபேசிக் கம்பி வழியே செய்தி அனுப்பவும் ஒரே செயலி போதும் என்று அப்போது காட்டினார்கள். ஒலிப்பதிவும் செய்தித் தொடர்பும் அதற்கு ஒரே கணக்குத்தான். இன்று அந்த வேலை சாதாரணக் கைப்பேசிக்குள்ளேயே அடங்கிவிட்டது. இரைச்சலை வடிகட்டும் வேலையும் அதற்குள்ளேதான் நடக்கிறது.

இராமனிடம் இவை எதுவும் இல்லை. அதிரும் நரம்பின் மீது ஒளியைப் பாய்ச்சி, நகரும் புகைப்படத் தகட்டில் அந்த அசைவை வரையச் செய்தார். வில்லால் வயலின் வாசிக்கும்போது, வில்லின் வேகமும் அழுத்தமும் கைக்குக் கை மாறுமல்லவா? அதைத் தவிர்க்க ஒரு பொறி செய்தார். அதில் வில் அசையாமல் நிற்கும். வயலின்தான் முன்னும் பின்னும் ஓடும். சக மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கோ பெரும் வியப்பாக இருந்தது. செலோ போன்ற கருவிகளில் சில இடங்களில் சுரம் நில்லாமல் நடுங்கி உறுமும். மேனாட்டார் அதை ஓநாய்ச் சுரம் என்பர். அதன் காரணத்தை 1916-இல் விளக்கினார். வில்லிசை நரம்புகளைப் பற்றிய அவருடைய விரிவான நூல் 1918-இல் வெளிவந்தது. இதற்கிடையே 1917-இல், சர் ஆசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்றுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் ஆனார். அரசுப் பதவியில் பெற்ற ஊதியத்தில் ஏறத்தாழப் பாதிதான் அதில் கிடைத்தது. அரசு வேலை கிடைத்துவிட்டால் போதும் என்று எங்கள் தெருவே காத்திருக்கிறது. அந்த வேலையை அவர் விட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன், அம்மா நம்பவில்லை.

வீணையையும் தம்பூராவையும் பற்றிய கட்டுரை 1921-இல் வந்தது. நரம்பில் எந்த இடத்தைத் தொட்டு மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் கணு உள்ள மேற்சுரம் எழவே கூடாது என்பது அதுவரை எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. வீணையிலும் தம்பூராவிலும் அந்த விதி பொய்த்துப் போவதை இராமன் கண்டார். எழக் கூடாத மேற்சுரம் தெளிவாக எழுகிறது. நரம்பு கூர்மையான விளிம்பில் நில்லாமல், வளைந்து அகன்ற குதிரையின் மேல் ஒட்டியும் விலகியும் அதிர்வதே அதற்குக் காரணம் என்றார். பெயர் தெரியாத ஒரு தச்சர் தம் கையறிவால் செய்த வளைவுக்கு இருநூறு பக்கக் கணிதத்தில் இல்லாத பதில் இருந்தது.

அந்த ஆண்டில்தான் அவர் முதன்முதலாக இங்கிலாந்து சென்றார். இலண்டன் செயின்ட் பால் ஆலயத்தின் முணுமுணுப்பு மாடத்தை எல்லாரும் பார்த்துவிட்டு வருவார்கள். இவர் அங்கும் சோதனை செய்து கட்டுரை எழுதினார். நாடு திரும்பியதும் விஜயபுரம் கோல் கும்பஸ் முதலிய நம் நாட்டுக் கட்டடங்களிலும் அதே ஒலியைத் தேடினார். திரும்பும் வழியில், கப்பலின் மேல்தளத்தில் நின்று மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டது பற்றி அனைவரும் அறிவர். கடல் வானத்தின் நிறத்தைத்தான் பிரதிபலிக்கிறது என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. அங்கிருந்து ஒளிச்சிதறல் ஆராய்ச்சி தொடங்கி, கே. எஸ். கிருஷ்ணன் முதலிய மாணவர்களின் துணையோடு 1928 பிப்ரவரி 28-இல் முடிவு கிட்டியது. 1930-இல் நோபெல் பரிசு வந்தது. இதை நம் பாடநூல்கள் நன்றாகவே சொல்கின்றன. நான் இங்கே நிற்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். ஒளி ஆராய்ச்சி மும்முரமாக நடந்த 1927-ஆம் ஆண்டில்தான், ஜெர்மனியில் வெளிவந்த பெரிய இயற்பியல் களஞ்சியத்தில் இசைக்கருவிகளைப் பற்றிய பகுதியை இராமன் எழுதிக்கொடுத்தார். இசைக்கருவி ஒலியில் உலகம் அவரைத்தான் கேட்டது.

இனித் தோற்கருவிக்கு வருகிறேன். நான் இவ்வளவு தூரம் நடந்து வந்தது இதற்காகத்தான். வட்டமாக இழுத்துக் கட்டிய ஒரு தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளாக அமைவதில்லை. கணக்குப்படி அவை 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒழுங்கின்றி நிற்கும். ஆகவே முரசொலியில் சுருதி தெளிவாகத் தெரிவதில்லை. ஐரோப்பிய அறிவியல் அறிந்திருந்த தோற்கருவிகள் இத்தகையவையே என்பதால், தோற்கருவி என்றாலே இசைத்தன்மை குறைந்தது என்று முடிவு கட்டியிருந்தனர். மிருதங்கமும் தபலாவும் அப்படியல்ல என்பதை இராமனும் அவருடைய மாணவர் சிவகாளி குமாரும் 1920-இல் நேச்சர் இதழில் எழுதினர். பின்பு பெங்களூருக்கு வந்து 1934-இல் அதை விரிவாக ஆராய்ந்தார். மிருதங்கத்தின் வலந்தலையில் சோறும் கல்பொடியும் சேர்த்து அரைத்துப் படிப்படியாய்ப் பூசிய கருஞ்சாந்து இருக்கிறதல்லவா? நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும் அந்தப் பாரம், ஒழுங்கின்றித் திரியும் மேற்சுரங்களைப் பிடித்து வந்து, முதல் ஐந்து மடங்குகளில் நிறுத்திவிடுகிறது. ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே சுரங்களாக அடங்குகின்றன. இதை அவர் கண்டுபிடித்த முறை நம் ஆய்வுக்கூடத்திலும் செய்யக்கூடியது. தோலின் மீது நுண்மணலைத் தூவினார். விரலால் ஓரிடத்தைத் தொட்டு, மறுகையால் தட்டினார். அதிராத கோடுகளில் மணல் சென்று ஒதுங்கியது. அந்தக் கோடுகள்தான் விடை.

ஓர் இந்திய விஞ்ஞானி, ஐரோப்பியர் இல்லை என்று சொன்ன இசையை நம் கருவியில் இருக்கிறது என்று நிறுவியது பெருமைக்குரிய செய்தி. இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கட்டுரையை முடித்து மூடியபோது எனக்கு மகிழ்ச்சி மட்டுமே ஏற்பட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. மிருதங்கம் இசையின் பக்கம் போய்ச் சேர்ந்தது. கருஞ்சாந்து பூசாத தப்பட்டை எந்தப் பக்கம்? அவருடைய கணக்கின்படி அது வெறும் வட்டத்தோல். பின்னும், மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்திச் சாந்து பூசிய கைகளுக்குரியவர் பெயர் ஏதேனும் உண்டா என்று எனக்குக் கிடைத்த பக்கங்களில் தேடினேன், காணவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்கும்போதெல்லாம் சந்தை வேலையை மட்டும் சொல்லிவந்தவன் நான். இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குப் புரியும்.

பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. இராமன் மிருதங்கத்துக்குச் செய்ததை நீ தப்பட்டைக்குச் செய்து பார் என்று மட்டும் சொன்னார்.

அதற்கு முன் வாழ்க்கையின் மீதிப் பகுதியைச் சொல்லிவிடுகிறேன். 1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக வந்த முதல் இந்தியர் இராமன். 1934-இல் இந்திய விஞ்ஞான அகாடமியைத் தொடங்கினார். நிர்வாகத்தில் பிணக்குகள் எழ, 1937-இல் இயக்குநர் பதவியைத் துறந்து பேராசிரியராகத் தொடர்ந்தார். விட்டுக்கொடுக்கும் இயல்பு அவரிடம் குறைவு என்றே தோன்றுகிறது. ஒலியும் ஒளியும் அவர் கையில் ஒன்றுசேர்ந்தது இக்காலத்தில்தான். செவிக்கு எட்டாத மீயொலி ஒரு திரவத்தில் செல்லும்போது, அது ஒளிக்குக் கீற்றணி போல் நின்று ஒளியைப் பல கற்றைகளாகப் பிரிப்பதை நாகேந்திர நாத் என்பவருடன் சேர்ந்து 1935, 1936-ஆம் ஆண்டுகளில் விளக்கினார். லேசர் ஒளியை ஒலியால் திருப்பவும் பண்பேற்றவும் பயன்படும் கருவிகளுக்கு அடிப்படை அந்தக் கொள்கையே. இன்னொன்றும் உண்டு. நெடுந்தூர ஒளியிழைகளில் செய்தியைச் சுமந்து செல்லும் ஒளி வழியில் களைத்துப் போகும். அதற்கு மீண்டும் வலுவூட்ட இராமன் விளைவையே பயன்படுத்தும் பெருக்கிகள் இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலையோரம் எங்கள் ஊர் வழியாகப் பள்ளம் தோண்டி ஒளியிழை பதித்ததைச் சிறுவயதில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். அக்காவின் குரல் அத்தகைய இழைகளில்தான் வருகிறது. அதைச் சுமக்கும் விஞ்ஞானத்தில் இராமனுக்குப் பங்குண்டு. தப்பட்டையைத் தடுக்கும் வடிகட்டியில் பங்கில்லை. இதை நியாயமாகச் சொல்ல வேண்டும்.

1948-இல் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்ற இராமன், இறுதி வரை அங்கேயே மலர்களின் நிறத்தையும் மணிகளின் ஒளியையும் ஆராய்ந்து கொண்டிருந்தார். 1954-இல் பாரத ரத்னா விருது வந்தது. 1970 நவம்பர் 21-ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயதில், அந்த நிலையத்திலேயே காலமானார். அவர் விரும்பியபடி அங்குள்ள தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் ஒரு மரம் நிற்கிறது. சூளகிரியிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

தப்பட்டைக்கு வருகிறேன். வடிகட்டிகளை எல்லாம் நிறுத்தினேன். மின்னேற்றியைப் பிடுங்கினேன், இல்லாவிட்டால் 50 அதிர்வு முனகல் பதிவில் புகுந்துவிடுகிறது. ஒலிவாங்கியை நாலடி தள்ளி வைத்தேன். அருகில் வைத்தால் அடியின் வேகம் சில்லின் அளவுப் படிகளைக் கடந்து, ஒலியின் தலையை வெட்டிவிடும். அப்பா வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். பிறகு அடித்தார். குட்டைக் குச்சி நடுவில் விழுந்தபோது ஒரு குரல். மெலிந்த மூங்கிற்சிம்பு ஓரத்தில் விழுந்தபோது வேறொரு குரல். திரையில் அடிப்படைச் சுரம் ஒரு முகடாக எழுந்தது. அடுத்த முகடு இரண்டு மடங்கில் நிற்கவில்லை. ஒன்றரையைத் தாண்டி இரண்டை எட்டாமல் நடுவழியில் நின்றது. அதற்கு மேல் முகடுகள் நெருங்கி நெருங்கி நின்றன. வட்டத்தோலைப் பற்றிய கணக்கு சொல்வதும் ஏறத்தாழ இதுதான். இராமன் சொன்னது சரி. சுருதி சேராது.

ஆனால் திரையில் இன்னொன்றும் கண்டேன். சிம்புக்குச்சி அடியில், மேற்சுரங்கள் மிக உயரம் வரை எழுந்து கணத்தில் அவிந்துவிடுகின்றன. குட்டைக் குச்சி அடியில், கீழ்ச் சுரம் மட்டும் நின்று ஒலிக்கிறது. இந்த இரண்டு குரலின் மாற்றம்தான் அப்பா அடிக்கும் ஒவ்வோர் அடவும். மேளக்காரர் ஐவர் சேர்ந்தடிக்கும்போது தெருமுனையில் நிற்பவருக்கு எந்த அடி எங்கே விழுந்தது என்று தெளிவாகப் பிரிந்து கேட்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். இன்னும் பல பதிவுகள் செய்து பார்க்க வேண்டும். மணல் தூவியும் பார்க்க வேண்டும்.

அக்காவுக்குப் பதிவை அனுப்பினேன். விடுதியில் அறைத்தோழியர் எல்லாரும் சேர்ந்து கேட்டார்களாம். அப்பாவின் காதில் ஒலிச்செவியை மாட்டிக் கேட்கச் சொன்னேன். அவர் முகத்தை ஆவலோடு பார்த்துக் கொண்டிருந்தேன். நான்காவது நிமிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். இங்கே தோல் தணிந்துவிட்டது, குரல் இறங்குகிறது, மறுபடி காய்ச்சி அடித்திருக்க வேண்டும், இதை ஏன் அனுப்பினாய் என்று கடிந்துகொண்டார். எனக்கு இறக்கம் எதுவும் கேட்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, முதல் நிமிடத்து முகட்டையும் நான்காம் நிமிடத்து முகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. மாட்டுப்பொங்கலன்று மீண்டும் பதிவு செய்வதாக இருக்கிறோம்.